டிஆர் டிபி மாத்திரைகள்: பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது, எப்போது சொல்வது

என் தம்பிக்கு மருந்து எதிர்ப்புக் காசநோய், அதாவது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத டிஆர் டிபி, என்று தெரிந்தபோது வீட்டில் எல்லோரும் நோயை நினைத்துத்தான் பயந்தோம், மாத்திரையைப் பற்றி யாருக்கும் யோசனையே வரவில்லை. மூன்றாவது மாதத்தில் ஒருநாள் காலில் இருந்து செருப்பு கழன்றது தெரியாமல் அவன் நாலடி நடந்துவிட்டான். பிடித்து உட்காரவைத்துக் கேட்டபோதுதான், கால்விரல் மரத்துப்போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது, சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், ஆறு மாதத்தில் முடிய வேண்டியது ஒன்றரை வருடமாக நீளும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்தது. மறுநாள் போய்ச் சொன்னோம். மருந்தை எல்லாம் நிறுத்தவில்லை. ஒரே ஒரு மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, அப்புறம் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள், மற்றவை அப்படியே தொடர்ந்தன. சிகிச்சை குறித்த நாளில் முடிந்தது. ஆனால் அந்த மூன்று வாரத்துக்கான விலையாக இன்றைக்கும் அவன் விரல்நுனியில் கொஞ்சம் மதமதப்பு இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன், கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அவ்வளவுதான். புதிதாக இந்தச் சிகிச்சையை ஆரம்பிப்பவர்களிடம் இரண்டு பழக்கத்தைப் பார்க்கிறேன்: ஒன்று, எந்தத் தொல்லையையும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. இன்னொன்று, யாருக்கும் தெரியாமல் தொல்லை கொடுக்கிற மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடுவது. இரண்டுமே ஆபத்து, இரண்டாவது கூடுதல் ஆபத்து. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: உங்கள் மாத்திரைகளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

"வெள்ளை மாத்திரை, பெரிய மாத்திரை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எந்தத் தொல்லை எதனால் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அட்டையில் இருக்கிற பெயரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் எத்தனை மில்லிகிராம், எந்தெந்த நாள் என்றும் எழுதுங்கள்.

காசநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கிற முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யாத டிபிக்கு இப்போது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் யோசிப்பது ஆறு மாத முறை. பெடாகுயிலின், பிரிட்டோமானிட், லினிசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்று நாலு மருந்து, எல்லாமே வாய்வழி. இதற்கு பிபால்எம் என்று பெயர். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. உங்கள் கிருமி மாக்சிஃப்ளாக்சசின் வகைக்கும் எதிர்ப்புக் காட்டினால் அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கொடுப்பார்கள், அது சில சமயம் ஒன்பது மாதம் வரை போகலாம். இந்த முறை ஒத்துவராதவர்களுக்கு, உதாரணமாகக் கர்ப்பிணிகளுக்கு, சின்னக் குழந்தைகளுக்கு, மூளையிலோ எலும்பிலோ டிபி இருப்பவர்களுக்கு, வேறு கலவைகள் உண்டு. அவற்றில் குளோஃபசிமின், சைக்ளோசெரின், எத்தியோனமைட், டெலமானிட், பைரசினமைட், எத்தம்பூட்டால் போன்ற பெயர்களைப் பார்ப்பீர்கள்.

பழைய காலத்தில் பதினெட்டு, இருபத்துநாலு மாதம், அதில் பல மாதம் தினமும் ஊசி என்று இருந்தது. அந்த ஊசிகளால் காது கேட்காமல் போனவர்கள் நிறையப் பேர், போன காது திரும்பி வரவும் இல்லை. 2018-இல்தான் கனமைசின், கேப்ரியோமைசின் ஊசிகளை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இணையத்தில் அல்லது அக்கம்பக்கத்தில் நீங்கள் கேட்கிற பயங்கரக் கதைகளில் பாதி அந்தக் காலத்துக் கதைகள். அதைக் கேட்டு உங்கள் மாத்திரையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்களுக்கு என்ன மருந்தோ அதற்கு உண்டானதை மட்டும் படியுங்கள்.

ஆரம்பிக்கும் முன்பே அளவெடுக்கச் சொல்லுங்கள்

மாத்திரை போடுவதற்கு முன்னால் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பது பதிவில் இல்லாவிட்டால், பிறகு வருகிற மாற்றம் மருந்தாலா, ஏற்கெனவே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஈசிஜி, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், பொட்டாசியம், சர்க்கரை, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை, எச்ஐவி, இவையெல்லாம் வழக்கமாகவே எடுப்பார்கள். பலசமயம் விட்டுப்போவது இரண்டு: கண்ணும் காலும். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கவைக்கும் பார்வைச் சோதனை, புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைக் கண்டுபிடிக்கிற நிறச் சோதனை, பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்ற சோதனை. லினிசோலிட் அல்லது எத்தம்பூட்டால் கொடுக்கப்போகிறார்கள் என்றால் கண் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். தயங்க ஒன்றுமில்லை, அவர்களின் வழிமுறையிலேயே உள்ளதுதான், கூட்டத்தில் விட்டுப்போயிருக்கும்.

அதே நாளில் நீங்கள் வேறு என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள். மன அழுத்தத்துக்கான மாத்திரை முக்கியம். லினிசோலிடும் சில மன அழுத்த மாத்திரைகளும் சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை ரசாயனம் எல்லைமீறி ஏறி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இருமலுக்குக் கடையில் வாங்குகிற சில மருந்துகளும் இதே வகை. மூலிகை மருந்து, உடல் தேற்றும் பொடி எல்லாவற்றையும் சொல்லுங்கள். "அது மருந்தில்லையே" என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம், கல்லீரலுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

ஒரு நோட்டு போடுங்கள்

தினமும் நாலு வரி போதும். மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பிட்ட பிறகா, வாந்தி வந்ததா, வந்தால் எவ்வளவு நேரம் கழித்து, தூக்கம், கால், கண், மனசு எப்படி. நன்றாக இருந்த நாளிலும் "ஒன்றுமில்லை" என்று எழுதுங்கள். மாதம் ஒருமுறை டாக்டர் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்கும்போது நமக்கு நேற்றைய நாள் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவோம், வாசலைத் தாண்டிய பிறகுதான் போன வாரம் படிக்கட்டில் கண் இருட்டியது நினைவுக்கு வரும். நோட்டு இருந்தால் அது நடக்காது. எழுத முடியாதவர்களுக்கு வீட்டில் ஒருவர் கேட்டு எழுதலாம்.

முதல் இரண்டு வாரம்: வயிறு

ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது குமட்டல். எத்தியோனமைட் இருந்தால் வாயில் உலோகத்தை வைத்தது போல ஒரு ருசியும் சேரும். பெரும்பாலும் சில வாரத்தில் குறையும். பெடாகுயிலினையும் பிரிட்டோமானிடையும் வெறும் வயிற்றில் போடக் கூடாது. குமட்டலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, சாப்பாட்டோடு போட்டால் பெடாகுயிலின் ஏறக்குறைய இரண்டு மடங்கு உடம்பில் சேர்கிறது. அரை வயிற்றோடு போட்டுவிட்டு வேலைக்கு ஓடினால் மருந்தின் பாதி பலன் வீண்.

பெடாகுயிலின் விஷயத்தில் இன்னொன்று. வழக்கமான முறையில் முதல் இரண்டு வாரம் தினமும் 400 மில்லிகிராம், அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் 200 மில்லிகிராம். மூன்றாவது வாரம் தொடங்கும்போது இதில் குழப்பம் வராமல் நாட்காட்டியில் வட்டம் போட்டுவையுங்கள். தினமும் குறைந்த அளவு எடுக்கிற இன்னொரு முறையும் இருக்கிறது. அடுத்த படுக்கைக்காரருடன் ஒப்பிட்டுப் பார்த்து "எனக்கு ஏன் வேற மாதிரி" என்று குழம்ப வேண்டாம், டாக்டரிடமே கேளுங்கள்.

வாந்தியில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் மறுபடி போடலாமா என்ற கேள்வி நிச்சயம் வரும். ஆரம்பிக்கும் நாளிலேயே உங்கள் மையத்தில் கேட்டு, பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். எவ்வளவு நேரத்துக்குள் வாந்தி வந்தது, மாத்திரை முழுசாகத் தெரிந்ததா என்பதை வைத்துத்தான் அவர்கள் சொல்வார்கள். நீங்களாக இன்னொரு முறை விழுங்காதீர்கள்.

வயிற்று எரிச்சலுக்கு எல்லோரும் கை நீட்டுவது ஆன்டாசிடுக்கு. மாக்சிஃப்ளாக்சசின் எடுக்கிறவர்கள் இங்கே கவனம்: அலுமினியம், மக்னீசியம் உள்ள ஆன்டாசிட், இரும்புச்சத்து மாத்திரை, ஜிங்க் கலந்த சத்து மாத்திரை இவையெல்லாம் அந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. மாக்சிஃப்ளாக்சசினைப் போட்டு நாலு மணிநேரம் கழித்து, அல்லது அதைப் போடுவதற்கு எட்டு மணிநேரம் முன்பு, இவற்றை எடுக்கலாம். ரத்தசோகை வந்து இரும்பு மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது இந்த இடைவெளியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வாந்தியை நிறுத்தும் மாத்திரையையும் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். ஒண்டான்செட்ரான், டோம்பெரிடோன் போன்றவை இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கக்கூடியவை, டிபி மாத்திரைகளில் ஏற்கெனவே அந்தக் குணம் இருக்கிறது. டாக்டர் ஈசிஜியைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் அது வேறு.

லினிசோலிட்: இதற்குத்தான் அதிக கவனம்

இந்தச் சிகிச்சையில் ஆளைக் காப்பாற்றுவதும் இதுதான், அதிகம் படுத்துவதும் இதுதான். 1,200 மில்லிகிராம் கொடுத்த முதல் ஆய்வில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் நரம்புப் பாதிப்பு வந்தது. அப்புறம் அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். ஜீநிக்ஸ் என்ற ஆய்வில், 26 வாரம் 1,200 மில்லிகிராம் எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும், 600 எடுத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கும் நரம்புப் பாதிப்பு. ரத்த அணு உற்பத்தி குறைவது 22 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக இறங்கியது. குணமானவர்களின் விகிதம் இரண்டிலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்தான். இப்போது எல்லோருக்கும் 600-இல் ஆரம்பிப்பது இதனால்தான். அளவைக் குறைத்தால் நோய் குணமாகாது என்று பயந்து தம்பியைப் போல மறைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். எப்போது, எவ்வளவு குறைக்கலாம் என்பது டாக்டரின் கணக்கு. முதல் ஒன்பது வாரமாவது முழு அளவைக் கொடுக்கத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

இது கைவைக்கிற இடம் மூன்று: ரத்தம், நரம்பு, கண்.

ரத்தம் முதலில் காட்டும், பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்துக்குள். ஹீமோகுளோபின் இறங்கும், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறையும். அதனால்தான் இரண்டாவது வாரமும் அதற்கப்புறம் மாதாமாதமும் ரத்தம் எடுக்கிறார்கள். "போன மாதம்தானே எடுத்தது" என்று தள்ளிப்போடாதீர்கள். வழக்கமாக ஏறுகிற படியில் மூச்சு வாங்குவது, எழுந்தால் தலைசுற்றுவது, பல் தேய்க்கும்போது ரத்தம், இடிக்காமலே தோலில் நீலத் திட்டு, இவை அடுத்த தேதிக்குக் காத்திருக்கிற விஷயங்கள் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால் மருந்தை நிறுத்தினால் ரத்தம் பொதுவாக மீண்டுவிடும்.

நரம்பு அப்படி இல்லை. மெதுவாக வரும், மெதுவாகத்தான் போகும், சிலருக்கு முழுசாகப் போகாது. இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து ஆரம்பிக்கும்: ஊசி குத்துவது போல, எறும்பு ஊர்வது போல, எரிவது போல, அல்லது காலுறை போட்டுக்கொண்டே நடப்பது போல. கடைசியாகச் சொன்னதுதான் ஏமாற்றும், ஏனென்றால் வலிக்காது. வாரத்துக்கு ஒருநாள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள், வீட்டில் ஒருவர் பஞ்சால் கால்விரல்களை ஒவ்வொன்றாக, வரிசை மாற்றி மாற்றித் தொடட்டும், எந்த விரல் என்று நீங்கள் சொல்லுங்கள். தப்பாகச் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த நாளே போன் செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், அதிகம் குடித்துப் பழகியவர்களுக்கும், உடல் மெலிந்தவர்களுக்கும் நரம்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கும், அவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

பி6 விட்டமின் கொடுப்பார்கள், சைக்ளோசெரின், ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு அது கட்டாயம் தேவை. ஆனால் லினிசோலிடால் வருகிற மதமதப்பை அது தடுத்துவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நரம்பு வலிக்கு வழக்கமாகக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின் இந்தக் கூட்டத்தோடு ஒத்துப்போகாத மாத்திரை, வேறு டாக்டரிடம் காலைக் காட்டப்போனால் டிபி மாத்திரைப் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கண் அபூர்வம், ஆனால் விட்டுவிட்டால் ஈடுகட்ட முடியாது. பார்வை மங்குவது, நடுவில் புகை படிந்தது போலத் தெரிவது, சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரிவது. இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கண் கெடுவதை இன்னொரு கண் மறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கண்ணாக மூடி, தினமும் ஒரே தூரத்தில் இருந்து ஒரே எழுத்தை, சுவர் நாட்காட்டியின் தேதியைக்கூட, படித்துப் பாருங்கள். மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். எத்தம்பூட்டால் எடுப்பவர்களுக்கும் இதே சோதனைதான்.

கூடவே ஒன்று: திடீரென்று வாந்தி அதிகமாகி, வேகவேகமாக மூச்சு வாங்கி, உடம்பு சக்தியே இல்லாமல் போனால் அது சாதாரணக் குமட்டல் இல்லை. ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியிருக்கலாம். உடனே மருத்துவமனை.

இதயம்

பெடாகுயிலின், மாக்சிஃப்ளாக்சசின், குளோஃபசிமின், டெலமானிட் எல்லாமே ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் மின்சாரரீதியாக மீண்டு தயாராகிற நேரத்தைக் கொஞ்சம் நீட்டும். ஈசிஜியில் இதை க்யூடி இடைவெளி என்பார்கள். கொஞ்சம் நீண்டால் ஒன்றும் ஆகாது, பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். திருத்திய கணக்கில் 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் துடிப்பு தாறுமாறாகப் போகக்கூடும், அப்போது மருந்தை நிறுத்திவைத்துக் காரணம் தேடுவார்கள்.

நம் கையில் இருப்பது இரண்டு காரியம். ஒன்று, ஈசிஜி தேதியைத் தவறவிடாமல் இருப்பது. அதன் நகலை வாங்கி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு எண்ணைவிட எண் எப்படி ஏறுகிறது என்பதுதான் முக்கியம். இரண்டு, வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் அலட்சியப்படுத்தாமல் இருப்பது. வயிற்றுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. வாந்தியிலும் பேதியிலும் பொட்டாசியமும் மக்னீசியமும் வெளியேறிவிடுகின்றன, அவை குறைந்தால் க்யூடி இன்னும் நீளும். ஆக இரண்டு நாள் பேதி என்பது இந்தச் சிகிச்சையில் இருப்பவருக்கு ரத்தப் பரிசோதனைக்கான காரணம்.

வேறு எதற்காவது போகும்போது அசித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை எழுதப்படலாம், அவையும் க்யூடியை நீட்டுபவை. பல் டாக்டரானாலும் தோல் டாக்டரானாலும் முதலில் நீங்கள் என்ன எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். படபடப்பு, கண் இருட்டுவது, மயங்கி விழுவது: இதில் மயக்கம் ஒருமுறை வந்தாலே போதும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கல்லீரல்

பசியே இல்லை, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகிறது, வலது விலாவுக்குக் கீழே வலி, கண் வெள்ளை மஞ்சளாகிறது. முதல் இரண்டு அறிகுறியிலேயே பேசிவிடுங்கள், மஞ்சள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அறிகுறியோடு கல்லீரல் என்சைம் இயல்பின் உச்ச அளவைப்போல மூன்று மடங்கு தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்கு தாண்டினாலோ பொதுவாக மருந்துகளை நிறுத்திவைத்து, இறங்கிய பிறகு மறுபடி ஆரம்பிப்பார்கள். மது இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம். பாராசிட்டமால்கூடக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மனசு

இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சைக்ளோசெரின் எடுக்கிறவர்களுக்குக் காரணமில்லாத அழுகை, எரிச்சல், சந்தேகம், காதில் குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் வரை வரலாம், வலிப்பும் வரலாம். இது குணக்கேடும் இல்லை, நோயை நினைத்துக் கலங்குவது மட்டுமும் இல்லை, மருந்து மூளையில் செய்கிற வேலை. அளவைக் குறைத்தால் அல்லது நிறுத்தினால் குறைகிறது. சிக்கல் என்னவென்றால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது, தான் சரியாகத்தான் யோசிக்கிறோம் என்றே தோன்றும். எனவே வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "நான் வழக்கம்போல இல்லை என்று உனக்குத் தோன்றினால் என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் பண்ணு." சாக வேண்டும் என்று தோன்றினால், அன்று இரவே என்றாலும், தனியாக இருக்காதீர்கள், யாரையாவது எழுப்பி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மாக்சிஃப்ளாக்சசினும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அதை மாலையில் போடாமல் காலையில் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு அதுவே போதும்.

தோல்

குளோஃபசிமின் எடுத்தால் தோல் சிவந்து, பழுப்பாகி, கருத்துப்போகும். வறண்டு செதில் உதிரும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார், ஆனால் நோயை மறைத்து வைத்திருந்தவரின் முகம் நாலு பேர் கேட்கிற அளவுக்கு நிறம் மாறும்போது அது சின்ன விஷயம் இல்லை. சிலர் இதனால் மட்டுமே சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். வெயிலில் உடம்பை மூடிக்கொள்ளுங்கள், குளித்த ஈரத்தோடே வாசனையில்லாத களிம்பு தடவுங்கள். மருந்து முடிந்தபின் நிறம் திரும்பிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முன்பே யோசித்துவையுங்கள். "ஒரு மாத்திரையால் வந்தது, போய்விடும்" என்பதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இதிலிருந்து வேறு: அரிப்போடு தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, வாயில் புண், தோல் உரிவது, கூடவே காய்ச்சல். இது ஒவ்வாமை, உடனே போக வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

பைரசினமைட் யூரிக் அமிலத்தை ஏற்றி மூட்டு வலி தரும், பெடாகுயிலினாலும் மூட்டு வலி உண்டு, சாதாரண வலி மாத்திரைக்கு அடங்கும், ஆனால் எந்த மாத்திரை என்று கேளுங்கள். குதிகாலுக்கு மேல் இருக்கிற தசைநாணில் வலி வந்தால், அது மாக்சிஃப்ளாக்சசின் அல்லது லெவோஃப்ளாக்சசின் வேலையாக இருக்கலாம், காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள், தேய்த்துவிட்டு ஓடாதீர்கள், அறுந்துபோகலாம். எத்தியோனமைடும் பாஸ் என்ற இன்னொரு டிபி மருந்தும் தைராய்டைக் குறைக்கும்: உடம்பு கனப்பது, குளிர் தாங்காமை, சோம்பல், மலச்சிக்கல். மாத்திரை கொடுத்துச் சரிசெய்துவிடுவார்கள், சிகிச்சை முடிந்தால் தைராய்டும் திரும்பிவிடும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு மாக்சிஃப்ளாக்சசினால் சர்க்கரை ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும், வீட்டில் அடிக்கடி பாருங்கள். யாருக்காவது வேறு வழியில்லாமல் அமிகாசின் ஊசி போட்டால், மாதாமாதம் செவித்திறன் சோதனை இல்லாமல் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதீர்கள், காதில் இரைச்சல் கேட்ட அன்றே சொல்லுங்கள்.

ஏன் நீங்களாக நிறுத்தக் கூடாது

இப்போது முதலில் தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம், ஒன்றுக்குத் தப்பிய கிருமியை இன்னொன்று பிடிக்கும் என்பது. ஒன்றை ரகசியமாக ஒதுக்கினால் மிச்சமுள்ளவை தனியாக மாட்டிக்கொள்கின்றன. கிருமி அவற்றுக்கும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறது.

"சரி, எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறேன், அப்போது பிரச்சினை இல்லையே" என்று கேட்பவர்களும் உண்டு. பெடாகுயிலின் அப்படி விடாது. அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்தரை மாதம் ஆகிறது. இந்த நாலில் மற்ற மூன்றும் சில நாளில் காலியாகிவிடும், பெடாகுயிலின் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, கிருமியைக் கொல்லப் போதாத அளவில், மாதக்கணக்கில் தங்கியிருக்கும். எதிர்ப்பு வளர இதைவிட நல்ல சூழ்நிலை கிடையாது. அந்த மருந்தையும் இழந்துவிட்டால் அடுத்த சிகிச்சை நீளமும் கடுமையும் கூடியதாகத்தான் இருக்கும்.

டாக்டர் நிறுத்தும்போது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எதை, எத்தனை நாள் என்று முடிவு செய்கிறார். விட்டுப்போன நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்கிற வழியும் அவர்களிடம் உண்டு. ஏற்கெனவே சில நாள் விட்டுவிட்டீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். திட்டு விழலாம், விழட்டும். பொய்க் கணக்கை வைத்து அவர் எடுக்கிற முடிவு அந்தத் திட்டைவிட மோசம்.

எப்படிச் சொல்வது

"உடம்பு சரியில்லை" என்று சொன்னால் சளி மருந்தோடு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் ஒருமுறை அப்படித் திரும்பி வந்தோம். "பன்னிரண்டு நாளாக இரண்டு கால் கட்டைவிரலும் மரத்திருக்கிறது, இப்போது பாதத்தின் நடுவரை வந்திருக்கிறது, ராத்திரி எரிச்சலில் விழித்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, எங்கே, கூடுகிறதா குறைகிறதா, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. நோட்டைத் திறந்து காட்டுங்கள். அப்புறம் நேராகக் கேளுங்கள்: இது எந்த மருந்தால்? அளவைக் குறைக்கலாமா? அடுத்த சோதனை எப்போது? எது நடந்தால் நான் உடனே வர வேண்டும்? கடைசிக் கேள்வியின் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், இரவில் கூப்பிட எந்த எண் என்பதையும்.

முடிந்த பிறகு

கடைசி மாத்திரை போட்ட அன்று எல்லாம் முடிந்தது என்று தோன்றும். பெடாகுயிலின் இன்னும் பல மாதம் உள்ளே இருக்கும், அதனால் வேறு டாக்டரிடம் போனால் "டிபி மருந்து முடித்துவிட்டேன்" என்பதோடு எந்த மருந்து, எப்போது முடித்தேன் என்றும் சொல்லுங்கள். மதமதப்பு மீதமிருந்தால் அதைக் கடைசி நாளின் பதிவில் எழுதவைத்துவிடுங்கள். பின்னால் கூடினாலோ புதிதாக எங்காவது வந்தாலோ ஒப்பிட ஆதாரம் வேண்டும். நோய் திரும்புகிறதா என்று பார்க்கக் குறைந்தது ஒரு வருடமாவது கூப்பிடுவார்கள், இருமல் இல்லை என்பதற்காகப் போகாமல் விடாதீர்கள். உணர்ச்சி குறைந்த காலில் செருப்பு போடும்போது குனிந்து பார்த்துப் போடுங்கள், ராத்திரி படுக்கும் முன் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். தம்பி இப்போதும் தினமும் அதைச் செய்கிறான்.